முதலில் பயப்படும் வீரன்

அன்று மத்தியானம் அப்பா தபாற்கந்தோரிலிருந்து வழமைக்கு முன்னதாகவே வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "பிள்ளை, வாணியின்ர லயத்துக்கு மேல மண் சரிஞ்சிட்டுதாம்" என்றார். பிள்ளைகள் எல்லோரும் தப்பிவிட்டார்களா என்று கேட்டேன். தப்பிவிட்டார்கள் என்றார். வாணியைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அப்பா குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பத்தாம் வகுப்புச் சுவர்ப் பத்திரிகையில் 'இரும்புத்தோளன்' படக்கதை வந்த காலத்தில், இடைவேளை மணி அடித்ததும் சின்ன வகுப்புகள் அந்தச் சுவரடிக்கு ஓடிவந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். படம் வாணி, வசனம் நான். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் அவள் வரைவாள். புசல்லாவை வளைவில் கவிழப்போன பஸ்ஸை இரும்புத்தோளன் ஒற்றைத் தோளால் தாங்கி நிறுத்தினான். உருண்டு வந்த பாறையைப் பிடித்துத் தெல்தெனியப் பக்கம் எறிந்தான். அது யார் தலையிலும் விழாமல் நீர்த்தேக்கத்தில் விழுவதுபோல வரைந்த பிறகுதான் வாணிக்கு நிம்மதி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், மண் சரியலாம் என்று, மலையடியில் வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளின் சனங்களைப் பாடசாலை மண்டபத்துக்கு இறங்கி வரச் சொன்னார்கள். வாணியின் ஆறு வயதுத் தங்கை யோகா மட்டும் கதவுநிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வர மறுத்தாளாம். மலை வந்தால் இரும்புத்தோளன் பிடித்துக்கொள்வான் என்றாளாம். லயமே சிரித்திருக்கிறது. மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது வாணி சிரிக்கவில்லை. "அவ நெசமாவே நம்புறா புள்ள. லயத்துச் சின்னதுங்க எல்லாமே நம்புதுங்க" என்றாள்.

அந்த வாரமே அவள் வீரனின் பலத்தைப் பறித்துவிட்டாள். புதிய தாளில் அவனுடைய தோள்கள் நம்முடையவைபோலச் சிறுத்திருந்தன. அவனுக்கு ஒரே ஒரு சக்திதான் மிச்சம். ஆபத்து வருமுன், எல்லோருக்கும் முன்னால் அவனுக்குப் பயம் வரும். மலையிலிருந்து பீலிக்குழாயில் விழும் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தால் அவன் முழங்கால் நடுங்கும். உடனே கத்திக்கொண்டு கோயில் முற்றத்துக்கு ஓடுவான். செருப்புக்காகக்கூடத் திரும்ப மாட்டான்.

எனக்குப் பிடிக்கவில்லை. பயந்தாங்கொள்ளியின் கதையை ஆர் வாசிப்பினம் என்று சண்டை பிடித்தேன்.

"வாசிக்க வேணாம் புள்ள. ஓடுனா போதும்" என்றாள்.

வகுப்பில் கேலி செய்தார்கள். உங்கள் வீரனைப் பல்லேகல மைதானத்தில் ஓடவிட்டால் பதக்கம் வாங்குவான் என்றார்கள். வாணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அடுத்த தாளிலும் அவனை ஓடத்தான் வைத்தாள்.

மண் சரிந்த அன்று பஸ் ஓடவில்லை. அதனால் வாணி வீட்டிலிருந்தாள். பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். பீலியில் தண்ணீர் சிவப்பாக, கூழ்போல வந்ததை முதலில் கண்டது யோகா. வீரிட்டு அழுதுகொண்டு கோயில் பக்கம் ஓடினாள். மற்றப் பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

வாணி திரும்பினாள். லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் பச்சைக் குழந்தையோடு ஓர் அக்கா, மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். வாணி கதவை உடைப்பதுபோலத் தட்டி அவரை எழுப்பி, முன்னால் ஓடவிட்டாள்.

"எம் பின்னாலதான் வந்துச்சு" என்று அந்த அக்கா செத்த வீட்டில் என்னிடம் சொன்னார். "பல்லு கிட்டி நடுங்கிக்கிட்டே வந்துச்சும்மா. அம்புட்டுப் பயம் அந்தப் புள்ளைக்கு."

வாணிக்குத் துணிச்சல் அதிகம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அக்கா சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கடைசித் தாள் ஒன்று போடச் சொல்லி வகுப்பில் கேட்கிறார்கள். இரும்புத்தோளன் பழைய பலத்தோடு வந்து, மண்ணைத் தூக்கி வாணியை வெளியே எடுக்க வேண்டுமாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. வசனம்கூட மனத்தில் வந்துவிட்டது. ஆனால் இடியாமல் நிற்கிற லயத்துக்கு அடுத்த வாரம் சனங்கள் திரும்பிப் போகிறார்கள். யோகாவும் போகிறாள். மேலே அதே மலை.

ஆகவே அவனுக்குத் தோளைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். வாணியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவளுடைய பயம்தான். அதை யோகாவுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு வரையத் தெரியாது. ஆனாலும் இந்தக் கிழமைத் தாளில் அவன் ஓடுவான்.