சகாயம்மாள் சிஸ்டரும் என் எண்ணூற்று அறுபது ரூபாயும்

சகாயம்மாள் சிஸ்டருக்கு நான் எண்ணூற்று அறுபது ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மாசம். அதற்கு முன்னும் பின்னும் இந்த தெய்வசிகாமணி ஒருத்தனுக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவனில்லை. கம்மாபுரத்திலிருந்து கட்டின வேட்டியோடு வந்து, நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக மண் சுமந்து, நாற்பது வயசுக்குள் நாற்பது ஆளுக்கு மேஸ்திரி ஆனவன் நான். படிப்பு மூணாங்கிளாஸ். ஆனால் கூலிக் கணக்கில் என்னை ஏமாற்றின ஆள் இன்னும் பிறக்கவில்லை.

அப்படிப்பட்டவனை ஒரு மாசத்துக்கு மேல் கடன்காரனாகவே நிறுத்தி வைத்தது அந்த அம்மா.

சிஸ்டருக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். நர்ஸ் ட்ரெயினிங் முடித்து டவுன்ஷிப்புக்கு வந்து, பிரசவ வார்டிலேயே இருபது வருஷம் வேலை. வீட்டுக்காரர் அருள்நாதன் எலக்ட்ரீஷியன். அவருடைய பார் வைத்த ஆம்பளை சைக்கிளைத்தான் சிஸ்டர் புடவையோடு ஓட்டும். டூட்டி முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகாது. பிள்ளையோடு வீட்டுக்குப் போன பெண்களை ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுத்தான் போகும். யாரும் போகச் சொல்லவில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. "பிள்ளை பொறந்ததும் எல்லாரும் பிள்ளையைப் பாக்கப் போயிடுறாங்க. பெத்தவளைப் பாக்க ஒரு ஆள் வேணாமா?" என்று கேட்கும்.

என் மகள் மலர்கொடி தலைப்பிரசவத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. மூணாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் காற்று ஆகாது, தண்ணீர் ஆகாது, அனல் வேண்டும். கட்டிலுக்கடியில் சட்டியில் தணல் வைப்பார்கள். ஊரில் வைப்பது வேலங்கட்டைத் தணல். நான் மேஸ்திரி, வேலங்கட்டையா வைப்பேன்? நெய்வேலியில் அடுப்புக்கென்று விற்கிற லெக்கோ நிலக்கரிக் கட்டி, ஒரு மூட்டை இறக்கினேன். ஜன்னலைச் சாத்தி, வென்டிலேட்டரில் சாக்கை அடைத்தேன். இந்த பிளாக்கிலேயே என் வீட்டு அனலுக்கு ஈடு கிடையாது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆறாம் நாள் பெண் தலைவலி என்றாள். வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது. அனல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நானும் என் சம்சாரம் வீரம்மாளும் சந்தோஷப்பட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்த சிஸ்டர் வாசல்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"மேஸ்திரி, இது பிரசவ ரூமா, பாய்லரா?"

"நம்ம சொந்த ஏற்பாடுங்க சிஸ்டர். முழு மூட்டை இறக்கியிருக்கேன்."

"முழு மூட்டையா! இன்னும் ஒரு ராத்திரி போச்சின்னா தாயும் பிள்ளையும் கருவாடு. தூக்குங்க அந்தச் சட்டிய!"

நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிஸ்டர் சாக்கைப் பிடுங்கி எறிந்து ஜன்னல்களைத் திறந்தது. வீரம்மாள் அலறினாள்.

"ஐயோ, காத்து பூந்துக்கும் சிஸ்டர்! ஜன்னி வந்துடும்!"

"இவ்ளோ நேரம் கரிப்புகை பூந்துகினு இருந்துதே, அது பரவால்லியா? தண்ணி எவ்ளோ குடுத்த?"

"காலைல அரை டம்ளர்... சுக்கு போட்டு."

"நீ எவ்ளோ குடிச்ச?"

வீரம்மாள் கையிலிருந்த சொம்பை முந்தானைக்குள் மறைத்தாள்.

தெர்மாமீட்டரில் நூற்று மூணு. அடிவயிற்றில் கை வைத்ததும் மலர்கொடி துடித்துப் போனாள். சிஸ்டர் அவள் துணியைப் பார்த்தது, முகர்ந்தும் பார்த்தது. அதற்கப்புறம் அதன் பேச்சில் கிண்டல் இல்லை.

"தலைவலி புகையால வந்துது. காய்ச்சலுக்குக் காரணம் வேற. கர்ப்பப்பையில சீழ் புடிச்சிருக்கு. ரத்தத்துல ஏறிடுச்சின்னா நம்ம கையில இல்ல. இப்பவே கெளம்பணும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி மருந்தை வெளியில் வாங்கிவரச் சீட்டு எழுதித் தந்தார்கள். எண்ணூற்று அறுபது ரூபாய். கையிலிருந்ததையெல்லாம் அன்று காலையில்தான் டெண்டருக்குக் கட்டியிருந்தேன். நான் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்கையில் சிஸ்டர் தன் பையிலிருந்து எடுத்து நீட்டியது. அருள்நாதனுக்குப் புது சைக்கிள் வாங்க எடுத்த சீட்டுப்பணம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

பதினோரு நாள் படுக்கை. கெட்டது வடிந்து வெளியே வரட்டும் என்று கட்டில் தலைமாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் காய்ச்சல் பார்ப்பார்கள். மாற்றின துணியைச் சிஸ்டர் பார்க்காமல் வாளியில் போடக்கூடாது. ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் ஸ்லேட்டில் ஒரு கோடு. பால் கட்டி மார்பு கல்லாகிப் போனபோது வெந்நீர்த் துணி ஒற்றி, பீய்ச்சிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக் குடிக்க வைத்தது. கெண்டைக்காலைத் தினமும் அமுக்கிப் பார்க்கும், ரத்தம் கட்டியிருக்கிறதா என்று.

எனக்கும் வேலை கொடுத்தது. துணியை வேகவைத்து அலசிக் காயப்போட வேண்டும். நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் வாளியோடு நின்றேன். சொன்னால் சொல்லட்டும், அந்த வார்டில் என் துணி மாதிரி வெள்ளையாக ஒருத்தன் துணியும் இல்லை.

காய்ச்சல் இறங்கின அன்றே பணத்தோடு போய் நின்றேன்.

"உங்க கையால வாங்க மாட்டேன் மேஸ்திரி. உங்க பொண்ணு எழுந்து நடந்து வந்து எண்ணிக் குடுக்கட்டும்."

"என்னங்க சிஸ்டர் இது, காசு காசுதானே?"

"ஆம்பளைங்க காசைக் குடுத்தா கணக்கு தீந்துதுன்னு போயிடுவீங்க. அப்புறம் அவ எப்டி இருக்கான்னு எவன் வந்து சொல்லுவான்? படுத்துகினே 'நல்லாருக்கேன்'னு எல்லாரும்தான் சொல்லுவாளுங்க."

அந்த அம்மாவின் வழக்கமே அதுதானாம். மாத்திரைக்குப் போட்ட பத்து ரூபாயானாலும் அந்தப் பெண் கையால்தான் வாங்கும்.

நான் விடவில்லை. சைக்கிள் கேரியரில் சொருகினேன், திரும்பி வந்தது. லட்டு டப்பாவுக்கடியில் வைத்து அனுப்பினேன். பணம் வந்தது, லட்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் மலர்கொடி எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தரம் நிற்கப் பார்த்து மயங்கி விழுந்தவள். "கால் நிக்காதுப்பா, விழுந்துடுவேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிள்ளை அழுதால்கூடத் தூக்க மாட்டாள். பெண் பிழைத்தாள், ஆனால் எழுவாளா?

வேனில் ஏற்றி சிஸ்டர் வீட்டு வாசலில் இறக்கினேன். எட்டிப் பார்த்த சிஸ்டர், "வண்டியில வந்தா கணக்குல சேராது" என்று திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாளிலிருந்து டூட்டி முடிந்ததும் வந்து, தோளைக் கொடுத்து, கட்டிலைச் சுற்றி அவளை நடத்தியது. அப்புறம் கதவு வரை. அப்புறம் தெருக்குழாய் வரை.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில் மலர்கொடி தானே தலை பின்னிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, அந்தக் காசைக் குடு. இன்னும் எத்தினி நாளைக்குத்தான் கடன்காரன்னு ஊர்ல பேர் வாங்கிகினு இருப்ப?"

ரெண்டு தெரு தூரம். மதகுக் கட்டையில் ஒரு தரம் உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். பிள்ளையை வீரம்மாள் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

சிஸ்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தது. கெண்டைக்காலை அமுக்கியது. "மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க சிஸ்டர்."

"சரி, எண்ணு."

"மேல ஒரு நூறு சேத்துக் குடும்மா" என்றேன்.

"மேஸ்திரி, தள்ளி நில்லுங்க. இது எங்க ரெண்டு பேர் கணக்கு" என்று சிஸ்டர் உள்ளங்கையை விரித்தது.

மலர்கொடி சத்தம் போட்டு எண்ணி வைத்தாள். எட்டு நூறு ரூபாய்த் தாள், ஒரு ஐம்பது, ஒரு பத்து.