விடு மாப்ள

உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்து அடிபட்ட இடத்தில் போட்ட பத்து, காய்ந்து இறுகி, வெந்நீர் பட்டு மறுபடியும் ஊறும்போது ஒரு வாசனை எழும்பும். எனக்கு ஆக்கி என்றால் அந்த வாசனைதான். மற்றவர்களுக்கு மைதானமும் கோப்பையும் கைதட்டலும் நினைவுக்கு வரலாம். எனக்கு வருவது, ஆட்டம் முடிந்து வந்து முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என் அத்தாவும், "இம்புட்டு அடி வாங்குறதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாக" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் முட்டியில் துணியைச் சுற்றும் என் அம்மாவும்தான்.

அத்தாவின் பெயர் காதர். வெள்ளைக்காரர்கள் நடத்திய நூல் மில் ஒன்றில் அவர் ஃபிட்டர். அது பேருக்குத்தான், அவர் ஸ்பானரை ஒழுங்காகப் பிடித்தார் என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. மில்லுக்கு ஓர் ஆக்கி அணி இருந்தது, அதில் ஆட ஆள் வேண்டியிருந்தது, அதற்காகவே அவரை எடுத்தார்கள். அவர் ஆடிய இடத்துக்கு "பேக்" என்று பெயர். கோல் காப்பவனுக்கு முன்னால் வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவருமாக நின்று, எதிரணி கொண்டுவரும் பந்தை மறித்து அடிக்கிற வேலை. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். மறித்தவனை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரே ஒரு பந்து தப்பிவிட்டால் போதும், சுண்டல் விற்கிறவன் உட்பட மைதானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் பெயர் ஞாபகம் வந்துவிடும். சரளைத் தரையில் வெறுங்காலோடு ஆடினார்கள். கையால் பந்தை நிறுத்தலாம் என்று அன்றைக்குச் சட்டம் இருந்ததால், அத்தாவின் விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் கிடையாது. நான் போனதற்குக் காரணம் யாசின் மாமு. அம்மாவின் தம்பியான அவர் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். "வண்டிக்குள்ள இருந்தா வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரித்தானேக்கா" என்று வக்கீல் மாதிரி வாதாடி, ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். எங்கள் அணியின் கோலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது குதிரையையும் ஓட்டிக்கொண்டு மறுபக்கம் போவார். ஆகவே மில் அணி போட்ட கோல் எதையும் நான் பார்த்தது கிடையாது, அதெல்லாம் எதிர்க்கோடியில் புழுதிக்குள் நடந்தது. நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் விழாமல் போன கோல்கள்தான்.

அத்தாவுக்கு இடப்பக்கம் நின்றவர் ஒச்சு மாமா. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர். ஆறடிக்கும் மேலான ஆள், குனிந்துதான் எங்கள் வீட்டு நிலையைத் தாண்டுவார். அவரும் அத்தாவும் ஒருவரையொருவர் "மாப்ள" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கும் தேவர் வீட்டுப் பிள்ளைக்கும் எந்த வழியில் மாப்பிள்ளை முறை வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வரும்போது யார் எடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவாக வேண்டும். எடுக்கிறவர் மற்றவரைப் பார்த்து "விடு மாப்ள!" என்று கத்துவார், மற்றவர் ஒதுங்கிக்கொள்வார். முற்பாதியில் இருவர் குரலும் கேட்கும். ஷிப்டு விட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கும் என்பதால் பிற்பாதிக்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்போது அத்தாவின் குரல் மட்டுந்தான் கேட்கும்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வெளியில் ஒருவருக்கும் தெரியாது. ஒச்சு மாமாவுக்கு மாலைக்கண். பகலில் குறையில்லாமல் தெரிகிற பார்வை, வெளிச்சம் மங்கியதும் அவிந்துவிடும். அம்மா வாரந்தவறாமல் ஆட்டு ஈரல் வதக்கித் தூக்குவாளியில் கொடுத்து அனுப்புவார். அவரும் சப்புக்கொட்டித் தின்பார், கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. அதனால் பொழுது சாய்ந்ததும் தன் பந்தையும் அவர் பந்தையும் சேர்த்து அத்தாவே ஓடி ஓடி எடுத்தார். காதருக்குப் பேராசை, யாரையும் பந்தைத் தொட விடமாட்டான் என்று மில்லில் கேலி பேசினார்கள். அந்த ஓட்டத்தில்தான் அத்தாவின் முட்டி போயிற்று.

முட்டி போன ஆட்டக்காரனை மில் என்ன செய்யும் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, மில் பியூன் வந்து வாசலில் நின்று, "அண்ணனைத் துரை கோச்சாக்கிட்டாருக்கா!" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த கோச்சு ஒன்றே ஒன்றுதான், துரைமார் போகிற இரட்டைக் குதிரைச் சாரட்டு. ஜட்காக்காரர் மகளாகப் பிறந்து, கொள்ளும் குதிரை லத்தியும் நாறிய வீட்டில் வளர்ந்து, மில்லுக்காரனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கட்டியவர் அவர். "திரும்பவும் லத்தி அள்ளவா நான் இங்க வந்தேன்?" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். யாசின் மாமுவுக்கோ தலைகால் புரியவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ப் புதுச் சவுக்கு ஒன்று வாங்கிவந்து, அத்தா உள்ளே நுழைந்ததும் அவர் கையில் கொடுத்து, "ராவுத்தன்னாலே குதிரைக்காரன்தானே மச்சான், கடைசியில நம்ம தொழிலுக்கே வந்துட்டீக!" என்று கட்டிக்கொண்டார்.

அத்தா சவுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. கோச்சு என்றால் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறவன் என்றார். "அப்ப வாத்தியாரா?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "வாத்தியாரு உள்ள நின்னு சொல்லுவாரு. நான் கோட்டுக்கு வெளிய நின்னு பாக்கணும். ஆட்டம் நடக்கையில வாயைத் தொறந்தா அம்பயரு வெரட்டிருவாராம்" என்றார் அத்தா. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தான் உள்ளே இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு ஒச்சு மாமாவுக்கு யார் "விடு" சொல்வது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

அது அவர் மட்டும் தீர்மானிக்க வேண்டிய காரியமாக வந்து முடிந்தது. பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது இனிமேல் கோச்சின் வேலை. ஒச்சு மாமாவைச் சேர்த்தால், இருட்டில் வருகிற பந்து அவர் முகத்தைப் பெயர்த்துவிடும். சேர்க்காவிட்டால், ஆட்டத்துக்காக எடுத்த ஆளுக்கு ஆட்டம் போனால் என்ன ஆகுமோ அது ஆகும். கோடவுனில் பஞ்சுப் பொதி தூக்க வேண்டியதுதான். ஏன் சேர்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னால் அந்த வேலையும் போய்விடும், கண் தெரியாதவனை எந்த மில் வைத்துக்கொள்ளும்? அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மாதான் சொன்னார். "பந்து மூஞ்சியில பட்டுச்சுன்னா அவுக பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

முதல் ஆட்டத்தன்று, தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அத்தா ஒச்சு மாமாவை வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். நான் திரைக்குள்ளே இருந்தேன். மாமு குதிரைக்குத் தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டார். அத்தா வெயிலைப் பற்றிப் பேசினார், தரை காய்ந்து கிடப்பதைப் பற்றிப் பேசினார், எதிரணி ஆட்களைப் பற்றிப் பேசினார். ஒச்சு மாமா எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "என்ன மாப்ள சுத்தி வளைக்கிற? ரெண்டு வருசமாத் தொண்டை கிழியச் சொன்னவன்தான நீ? இன்னிக்கும் அதையே சொல்லு."

அத்தா, திரைக்குள் இருந்த எனக்கு அரைகுறையாகவே கேட்ட குரலில், "விடு மாப்ள" என்றார்.

"விட்டுட்டேன்" என்றார் ஒச்சு மாமா. மட்டையை அத்தாவின் கையில் கொடுத்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். என் அத்தா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் குதிரையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு.

அன்றைக்குத் தோற்றோம். புதிதாக நிறுத்திய பையன்கள் இருவரும் ஒருவன் பந்துக்கு ஒருவன் போய் முட்டிக்கொண்டார்கள். பழைய ஆளை ஏன் நீக்கினாய் என்று துரை எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டார். அத்தா "என் கணக்குத் தப்பிருச்சு" என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சொந்த மாப்ளையையே கழுத்தறுத்தவன் என்று கேன்டீனில் பேசியதையும் கேட்டுக்கொண்டார். ஒச்சு மாமா கோடவுனுக்குப் போனார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து எங்கள் வண்டிச் சக்கரத்தோரம் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்ததும் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, "பாப்பா, என்ன நடக்குது சொல்லு" என்பார்.

நான் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பேக்குகள் நின்ற இடம், வந்த பந்து, மறித்த மட்டை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்வேன். "அது கெடக்கட்டும், கோல் போட்டது யாரு?" என்று கேட்டால் முழிப்பேன். "அது அந்தப் பக்கம் மாமா, எனக்குத் தெரியாது." அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். "பேக்கு பெத்த பிள்ளை வேற எப்படி இருக்கும்!"

அந்த வருடக் கடைசி ஆட்டம் திருச்சியிலிருந்து வந்த அணியோடு. தோற்றால் காதர் கோச்சு இல்லை என்று மில் முழுக்கப் பேச்சு. பிற்பாதியில் எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. வழக்கம்போல அந்தக் கோலையும் நான் பார்க்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் திருச்சிக்காரர்கள் ஐந்தாறு பேராக எங்கள் பக்கம் வந்து விழுந்தார்கள். "பாப்பா, சொல்லு, சொல்லு" என்று ஒச்சு மாமா சக்கரத்தைப் பிடித்து உலுக்குகிறார். எனக்குப் பந்தும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை, அழுகைதான் வருகிறது. அப்போது கோட்டோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அத்தா நொண்டிக்கொண்டே எங்கள் வண்டிக்கு வந்தார். ஒச்சு மாமாவின் தோளில் கை வைத்து, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், "மாப்ள, வலது பக்கம் ஒருத்தன் தனியா நிக்கிறான் பாரு!" என்றார். எங்கள் வலது பேக் திரும்பினான், பந்தை மறித்தான். "மாப்ள, நடுவுல வருது, இடதுக்காரன் எடுக்கணும், மத்தவன் விட்டுறணும்!" மற்றவன் விட்டான்.

அம்பயர் ஊதலை ஊதிவிட்டு நேரே வண்டிக்கு வந்தார். வெளியிலிருந்து ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததற்காக அத்தா மைதானத்தை விட்டுப் போக வேண்டும் என்றார். பின்னாலேயே துரையும் வந்துவிட்டார். அத்தா புறப்பட்டார். அப்போது ஒச்சு மாமா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுய்யா. ரெண்டு மூணு வருசமாத் தெரியல. அவன் ஆட்டக்காரனுக்கா சொன்னான்? எனக்குச் சொன்னான்யா. கண்ணு தெரியாதவனுக்குச் சொல்லக்கூடாதுன்னு உங்க சட்டத்துல இருக்கா?"

எந்த உண்மையை மறைக்க அத்தா அத்தனை ஏச்சும் வாங்கினாரோ, அதை ஒச்சு மாமாவே, துரையின் முகத்துக்கு நேராக, மில்லே கேட்கும்படி சொல்லிவிட்டார். அத்தா அவர் வாயைப் பொத்தப் போனார், எட்டவில்லை. அம்பயர் சட்டத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். குருடனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது, ஊதலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்; எழுத்தர் ஒருவர் ஒச்சு மாமா சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். கேட்டுவிட்டு அவர் வந்த வழியே நடந்தார். ஆட்டம் முடியும்வரை அத்தா மாப்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், பையன்கள் கேட்டுக்கொண்டே ஆடினார்கள், கோல் விழவில்லை.

திங்கட்கிழமை காலை மில் கேட்டில் ஒச்சு மாமாவை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அத்தா அவருக்கு முன்னாலேயே போய் நின்றாராம். நிறுத்தவில்லை. பகல் ஷிப்டு மட்டும் போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அடுத்த வருடம் மைதானத்தில் கோட்டோரம் அத்தாவுக்கும் ஒச்சு மாமாவுக்குமாக இரண்டு மடக்கு நாற்காலிகள் போட்டார்களாம். இதெல்லாம் மாமு சொல்லிக் கேட்டதுதான். அதற்குள் நான் வண்டித் திரைக்குள்ளும் போகக் கூடாத வயதுக்கு வந்துவிட்டேன். எனக்கு அதில் இருந்த வருத்தம் இன்றைக்கும் போகவில்லை.

இப்போது அதே ஊரில், கே.கே. நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மில் மைதானம் இருந்த இடத்தைச் சுற்றி ஒருமுறை ஆட்டோவில் போனோம். வரிசையாக வீடுகள், கோல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. ஜட்காவும் இல்லை, சரளையும் இல்லை, வெறுங்காலோடு ஆடுகிறவர்களும் இல்லை. டிவியில் ஆக்கி வந்தால் பேரன் என்னைக் கூப்பிடுவான். கோட்டுக்கு வெளியே நின்று கோச்சு தொண்டை கிழியக் கத்துகிறார், யாரும் அவரைத் தடுப்பதில்லை.

அத்தா காலத்திலேயே அந்தக் கெடுபிடி தளர்ந்துவிட்டது. அதற்குள் ஒச்சு மாமா வேலையை விட்டு உசிலம்பட்டிப் பக்கம் ஊரோடு போய்விட்டார். அத்தா அதற்குப் பிறகும் பல வருடம் கோச்சாக இருந்தார், பையன்களும் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர் வாயைத் திறப்பதே இல்லை என்று மாமு சொல்வார். ஒருநாள் அதே அம்பயர் அவரிடம் வந்து, "இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல காதர், தாராளமாச் சத்தம் போடுங்க" என்றிருக்கிறார்.

அத்தா பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்கய்யா?" என்றாராம்.