நிலையில் ஒரு நீலப் புள்ளி

எங்கள் தையல் கடைக்கும் அன்னபாக்கியம் அக்காவின் டெய்ரி என்கிற சின்னப் பலசரக்குக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒடாஹுஹு ஸ்டேஷனில் ரயிலால் இறங்குகிறவர்கள் அவவிடம் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு, பிறகு என்னிடம் நீளக் காற்சட்டையைக் கட்டையாக்க வருவார்கள். நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. மெஷினில் இருந்தபடி தெருவைப் பார்ப்பேன். எனக்கும் சேர்த்து அக்கா கதைப்பா.

கணவர் காலமான பிறகு, அக்கா விமான நிலையத்தில் பல வருடம் துப்புரவு வேலை செய்து வாங்கிய கடை அது. அவவுக்கு இந்த நாட்டில் வேறு சொந்தம் இல்லை.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டன்று கோயிலுக்குப் போய் வந்து கடை திறந்தா. கல்லாவுக்குப் பக்கத்தில் தட்டு, அதில் வெற்றிலை, புது நாணயங்கள். அன்று வருகிற எவரும் கைவிசேஷக் காசு வாங்காமல் போகக்கூடாது. நானும் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. ஒன்றும் வாங்கவில்லை. சரிந்திருந்த சூப் டின்களை நேராக்கி வைத்தார்.

“இந்தத் தெருவில் கடைகளுக்குக் கரைச்சல் கூடிவிட்டது, அன்ரி. நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம். என்ன சொல்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்காவின் ஆங்கிலம் பாலுக்கும் பாணுக்கும் போதும். சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினா. “ரெண்டு கையையும் நீட்டும் தம்பி” என்று செய்து காட்டி, வெற்றிலையில் ஒரு நாணயத்தை வைத்துக் கொடுத்தா. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கவனமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“ஆரக்கா அது?”

“கமரா விக்கிற ஆளாக்கும். நல்ல மரியாதை.”

அடுத்த கிழமை காலையில் கடையின் பின்கதவடியில் மூன்று பெட்டிகள் இருந்தன. அக்கா ஒன்றைத் திறந்து பார்த்தா. பெயரில்லாத கள்ளச் சிகரெட்டுகள். கொண்டுவந்தவரை எவரும் காணவில்லை. முன்கதவு நிலையில், கண்மட்டத்துக்கு, நகம் அளவு ஒரு நீலப் புள்ளி. அக்கா எதையும் விற்காமல் பெட்டிகளைப் பின்னறையில் அடுக்கினா. புள்ளியைச் சுரண்டினா. மறுநாள் அதே இடத்தில் புதுப் புள்ளி ஈரமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் கடைகளின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. அக்காவின் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. கடைக்கு முன்னால் சத்தம் போட்டு நிற்கிற பெடியள்கூட அந்த நிலையைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அப்பால் போனார்கள்.

மூலைக்கடை ராம்சாமி, பிஜிக்காரர், தன் கடைக் கண்ணாடியைக் கள்ளர் காரால் மோதி உடைத்த மறுநாள் பால் வாங்க வந்தார். புள்ளியை விரலால் தொட்டார்.

“நம்ம கடைக்கு இந்தப் பொட்டு கிடைக்கலியே அக்கா. எந்தக் கோயில்ல வச்சாங்க?”

அக்கா பாலைக் கொடுத்து, மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தா. அவர் போன பிறகு, “அண்டைக்கு வந்தது கமரா விக்கிற ஆளில்லை, பிள்ளை. நான் அவையின்ரை ஆளாம். ஊரே அப்பிடித்தான் கதைக்குது” என்றா. “பொலிசுக்குச் சொன்னா கடை போயிடும். சொல்லாட்டி நான் போயிடுவன்.”

இந்தச் சித்திரைக்கும் தட்டு வைத்தா. “வேண்டாம் அக்கா” என்றேன். “அவைக்குப் பயந்து வருசத்தையும் விடுறதோ?” என்றா.

முதல் ஆளாக அவர்தான் வந்தார். அதே சட்டை. எவரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். உள்ளங்கையில் போன வருடத்து வெற்றிலை, காய்ந்து கறுத்து, இன்னும் மடித்தபடி இருந்தது.

நீட்டின கையை அன்று வெறுங்கையாக அனுப்பக்கூடாது. அக்காவின் விரல்கள் நாணயம் வரை போனதைக் கண்டேன். பிறகு உள்ளங்கையை விரித்துத் தட்டை மூடினா.

“இல்லைத் தம்பி.”

அவர் கையை இறக்கவில்லை. கடைசியில் பழைய வெற்றிலையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சூப் டின்னை நேராக்கினார். “ஹாப்பி நியூ இயர், அன்ரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பொலிசைக் கூப்பிட்டு எல்லாப் பெட்டிகளையும் எடுப்பித்தா. அன்று பின்னேரம் ராம்சாமி வந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். அவருக்கு இரண்டு நாணயம் கிடைத்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது அக்கா நிலைக்கு முன்னால் நின்றா. புள்ளி இல்லை. யாரோ அழகாகத் தேய்த்து, மரத்துக்கு எண்ணெய்கூடப் பூசியிருந்தார்கள்.

கண்ணாடி இன்னும் உடையவில்லை. அக்கா நேரத்துக்குக் கடை திறக்கிறா. நான் மெஷினில் இருந்து எட்டி எட்டி அந்த வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.