கைடு சார் சாப்பிட்ட ஆம்லெட்

என் பிஎச்.டி. கைடு சார் ஒரு நாள் காலையில ஆம்லெட் சாப்பிட்டதால எனக்கு ஒரு வருஷம் போச்சு. சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிங்க. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நாமக்கல்லுக்கு வெளியே எங்களுக்குச் சின்னதா ஒரு கோழிப்பண்ணை. அங்கயே வளந்தவ நான், ஆராய்ச்சிக்கும் முட்டையைத்தான் எடுத்துக்கிட்டேன். சூடு பட்டா வெள்ளைக்கரு கட்டியாகும், இது யாருக்கும் தெரியும். ஆனா தண்ணியா இருக்கற அதுக்குள்ள புரதம் எந்த நொடியில ஒண்ணோட ஒண்ணு கோத்துக்குது? அதைப் பாக்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பத்தாது. வடக்கே ஒரு ஊர்ல சின்க்ரோட்ரான் இருக்கு. எலக்ட்ரானை வட்டமா ஓட விட்டு, அதுல இருந்து ரொம்ப பலமான எக்ஸ்ரே எடுக்கற பெரிய கூடம். அந்தக் கதிரை வேகற வெள்ளைக்கரு மேல விட்டா, அது சிதறி விழற விதத்தை நொடிக்கு நொடி படம் பிடிக்கலாம். அது கேட்டவுடனே கிடைக்கற சமாச்சாரம் இல்லைங்க. விண்ணப்பம் போட்டு மாசக்கணக்கா காத்திருந்து கிடைச்சது மூணே நாள்.

புது முட்டையை வேக வெச்சு உரிச்சுப் பாத்திருக்கீங்களா? ஓட்டோட வெள்ளையும் பிச்சுக்கிட்டு வரும். நாள் ஆன முட்டை வழுக்கிக்கிட்டு உரியும். நாள் ஆக ஆக உள்ள இருக்கற வாயு ஓடு வழியா வெளியேறி, வெள்ளைக்கருவோட குணமே மாறிப்போகுது. அப்ப முட்டையோட வயசுக்குத் தக்கன கட்டியாகற விதமும் மாறணும்னு நான்தான் சொன்னேன். மூணு வெவ்வேற வயசுல முட்டை, ஒவ்வொரு வயசுக்கும் வரைபடத்துல ஒரு கோடு. மூணும் தனித்தனியா விழுந்தா என் ஆய்வேட்டோட கடைசி அத்தியாயம் முடிஞ்சுது. உதவித்தொகை அந்த வருஷத்தோட நின்னுடும். அந்த மூணு நாளை விட்டா எனக்கு வேற கதி இல்லை.

ஒவ்வொரு முட்டை மேலயும் அது இட்ட தேதியும் கிழமையும் பென்சில்ல, தமிழ்லயே எழுதினேன். அட்டையில அடுக்கி ஒரு போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பினேன். "பாத்து எடுத்துட்டுப் போ சாமி, அதே முட்டையைக் கோழி ரெண்டாந்தரம் இடாது"ன்னாங்க அம்மா. சேலத்துல ரயில் ஏறி, போய்ச் சேர்ற வரைக்கும் அட்டையை மடியை விட்டு இறக்கலை.

ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜ்ல இடம் இல்லைன்னுட்டாங்க. "கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டுல வெச்சுடலாம்மா, சமையல்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்"னு அங்க வந்திருந்த சாரே வாங்கிட்டுப் போனார். மொத நாள் பழைய முட்டை ரெண்டு வகையும் கதிர்ல வெச்சுப் பாத்தோம். கோடு ரெண்டும் அம்சமா விழுந்துச்சு. மறுநாள் காலையில புது முட்டையை எடுக்கப் போறேன், அந்த வரிசையே காலி. குப்பைத்தொட்டியில ஓடு கிடக்குது. குனிஞ்சு எடுத்தா, என் கையெழுத்து: செவ்வாய்.

சமையல்காரரைக் கேட்டா, சாரும் அங்க தங்கியிருந்த அவர் சிநேகிதர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு டபுள் ஆம்லெட்டாம். வேலியே பயிரை மேஞ்சா யாருகிட்டப் போய்ச் சொல்ல?

"இதுக்குப் போய் ஏம்மா மூஞ்சியைத் தூக்கிக்கறே, முட்டைன்னா முட்டைதானே"ன்னு சொல்லி, கடையில ஒரு டஜன் வாங்கிட்டு வந்தார். கையில எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பீக்கர்ல தண்ணி ஊத்தி ஒண்ணைப் போட்டேன். புது முட்டை அடியில படுத்துக்கும். இது விறைப்பா நிமிந்து நின்னுச்சு. அங்க வேலை பாக்கற ஒருத்தர் சிரிச்சுட்டார். சாருக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு. "இது சமையல்கட்டு இல்லை. சொன்னதைச் செய்." செஞ்சேன். மூணாவது கோடு போய்ப் பழைய கோட்டு மேலயே உக்காந்துச்சு. பின்ன, வேற எங்க உக்காரும்?

ஊருக்கு வந்ததும் அவர் எழுதின அறிக்கையில ஒரு வரி: மாணவி மாதிரிகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை. நானாம், பராமரிக்கலையாம்! உதவித்தொகை நின்னுச்சு. ஒரு தனியார் காலேஜ்ல பாடம் நடத்திக்கிட்டே அந்த வருஷத்தை ஓட்டினேன். அதுக்குள்ள சார் சின்க்ரோட்ரான்ல மறுபடியும் நேரம் வாங்கி, வேற முட்டையோட, என்னை விட்டுட்டுப் போயிட்டு வந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லலை.

சேலத்துல ஒரு காலேஜ் கருத்தரங்குல அவர் பேசறார்னு தெரிஞ்சு போய் உக்காந்தேன். திரையில மூணு கோடு, தனித்தனியா, நான் சொன்ன அதே வரிசையில. "முட்டையின் வயது முக்கியம் என்று நாங்கள் கண்டுபிடித்தோம்"னார். கடைசியில பேர்ப் பட்டியல். ஆறு பேர் இருந்தாங்க, நான் இல்லை. அதுக்கு முந்தின படம் எது தெரியுமா? எங்க பண்ணையில நான் எடுத்த போட்டோ.

கேள்வி இருக்கான்னு கேட்டாங்க. எந்திரிச்சேன்.

"சார், அந்த முட்டைப் படத்தைத் திரும்பப் போடுங்க. மேல எழுதியிருக்கறது யாரு கையெழுத்துங்க?"

அவர் திரையைப் பாக்கவே இல்லை. "அது வெறும் லேபிள்மா."

"லேபிள் எழுதினது நானுங்க. என்ற முட்டையைத் தின்னீங்க, சரி, பசின்னு நெனச்சுக்கறேன். என்ற பேரையும் திங்கறீங்களே, இது எந்தப் பசிங்க சார்?"

ஒரு வாரம் கழிச்சு சார்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. அந்த ஆராய்ச்சியைப் பத்தி எழுதின கட்டுரையில என் பேரைச் சேத்திருந்தார், ஏழாவதா. முதல் பேரா போடுங்கன்னு பதில் எழுதி, குப்பையில எடுத்து இத்தனை நாளும் பத்திரமா வெச்சிருந்த அந்த முட்டை ஓட்டையும் போட்டோ பிடிச்சு கூட அனுப்பினேன்.