தோல் மண்டியில் வாசித்த கடிதம்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது உப்புத்தோலின் வாடைதான். அத்தாவின் தோல் மண்டி வீட்டை ஒட்டியே இருந்ததால் சோற்றிலும் துணியிலும்கூட அந்த வாடை இருந்தது. எங்களுக்குப் பழகிப்போன அதைத் தாங்கமாட்டாமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டவர் மதினி ஒருவர்தான். பத்தொன்பது வயது, சித்தையன்கோட்டைப் பெண். லீவில் வந்த அண்ணன் நிக்காஹ் முடித்து மூன்று வாரம் அவரோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்.

அண்ணனுக்குப் பட்டாளத்துச் சரக்கு விமானத்தில் வேலை. வடக்கே பனிமலைகளில் காவல் இருப்பவர்களுக்கு அரிசி மூட்டைகளை மேலிருந்து தள்ளிவிட வேண்டும். சீனாச் சண்டை முடிந்த மறு வருடக் குளிரில் தந்தி வந்தது. விமானம் திரும்பவில்லை, அதில் போனவர்களைக் "காணவில்லை". அந்த ஒற்றைச் சொல்லை அத்தா பிடித்துக்கொண்டார். "காணோம்னுதானே போட்டிருக்கு, மௌத்துன்னு எழுதலையே" என்று, துக்கம் கேட்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். மதினி வளையலைக் கழற்றக் கூடாது, வெள்ளை உடுத்தக் கூடாது. மகளை அழைத்துப்போக வந்த சம்பந்தியிடம், "எம் மகன் வந்து பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். வந்தவர் தனியாகவே பஸ் ஏறினார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வெயில் நாளில் அத்தா என்னை மண்டிக்குள் கூப்பிட்டார். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தது எட்டாவது படித்த பெண்ணான எனக்கு மட்டும்தான். அடுக்கிய தோல்களுக்கு நடுவே நின்று, பட்டாளத்திலிருந்து வந்திருந்த கடிதத்தை, தெரிந்த வார்த்தைகளைக் கோத்துக் கோத்து வாசித்தேன். பனி உருகியபின் ஆடு மேய்ப்பவர்கள் விமானத்தின் உடைந்த துண்டுகளைக் கண்டிருக்கிறார்கள். யாரும் பிழைக்கவில்லை. அந்த இடத்திலிருந்து உடல்களை இறக்கிக் கொண்டுவர வழியில்லை. அத்தா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அம்மாகிட்டயும் மதினிகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார்.

ஒன்றரை மாதம் சொல்லாமல் இருந்தேன். அந்த நாட்களில் மதினியோடு ஒரே தட்டில் சாப்பிட என்னால் முடியவில்லை. பெரியத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணனுக்கும் சேர்த்து அத்தா சட்டைத்துணி எடுத்து வந்தார். ஒரு மத்தியானம் மதினி அந்தச் சட்டைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் இளைச்சுப் போயி வருவாக, இது தொளதொளன்னு இருக்குமோ?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் சொன்னேன்.

அவர் அழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "என்னைக்கு வந்துச்சு அந்தக் காயிதம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய் அத்தா முன்னால் நின்று, "மாமா, நான் இத்தா இருக்கணும்" என்றார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டதற்கு, கணக்கு இறந்த நாளிலிருந்து ஓடுவதால் அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். மையித்து என்னும் உடலே இல்லாததால், அதை முன்னால் வைத்துத் தொழும் ஜனாஸாத் தொழுகையும் இல்லை. கலர்ச் சேலையும் கை நிறைய வளையலுமாக, தனக்கே தெரியாமல் மதினி இத்தாவை முடித்திருந்தார்.

ஆனாலும் இருந்தார். வெள்ளை உடுத்தி உள்ளறையில் நான்கு மாதம் பத்து நாள். அத்தா அந்த அறைப்பக்கமே வரவில்லை. என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். இத்தா முடிந்த மறுநாள் சம்பந்தி வந்து மகளை அழைத்துப் போனார். இரண்டு வருடத்தில் அங்கேயே மதினிக்கு வேறு நிக்காஹ் ஆனது. அத்தா மௌத்தாகும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மதினியைப் பார்த்தேன். அந்த ஒன்றரை மாதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு எதுக்குப் புள்ள மன்னிப்பு? அம்புட்டு நாளும் அவுக உசுரோடதான இருந்தாக. நீ சொன்ன அன்னைக்குத்தான் மௌத்தானாக" என்றார். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில்தான் யாருக்கும் தெரியாமல் அண்ணனுக்காகக் குர்ஆனின் யாசீன் ஓதுவதாகவும் சொன்னார்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். அத்தாவும் அம்மாவும் பள்ளிவாசல் மண்ணில் அடுத்தடுத்த கபர்களில் அடங்கியிருக்கிறார்கள். அண்ணனுக்கு எங்கேயும் கபர் இல்லை. போன வருடம் மதினியும் போய்விட்டார். நான் சொன்ன அந்த நாள் வந்தால் இப்போது நான்தான் ஓதுகிறேன்.