பத்து லட்சத்து ஒண்ணு உடையுமா?

லேபிள் மெஷினிலிருந்து ஸ்டிக்கர் வெதுவெதுப்பாக வரும். உரித்துப் பெட்டியில் ஒட்டிய பிறகும் விரல் நுனியில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் இருக்கும்...

பொம்மசந்திராவில் ஒரு சுவிட்ச் கம்பெனி. பேக்கிங்கில் நானும் மல்லிகாவும் ஒரே டேபிள். நான் பி.எஸ்சி. மேத்ஸ். அவள் ப்ளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்தவள்.

பத்து லட்சமாவது பெட்டிக்கு மேனேஜர் கேக் வெட்டினார். போட்டோ எடுத்து எல்லோரும் கலைந்த பிறகு எங்களிடம் வந்தது அடுத்த பெட்டி.

1000001.

பார்த்ததுமே இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று அடித்துச் சொன்னேன். படித்த திமிர்தான். வகுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்றாள் மல்லிகா. பந்தயம் போட்டோம். ஜெயித்தவருக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒரு வருஷம் ஜன்னல் சீட். கால்குலேட்டர் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பகா எண் வீதம் வகுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தாபுராவில் பஸ் ஏறியதும் நோட்டைத் திறப்பாள். மூன்றால் வகுத்தால் மீதி 2. ஏழிலும் 2. பதினொன்றிலும் 2. பதிமூன்றிலும் அதே 2! இந்த நான்கும் 999999-ஐ மிச்சமில்லாமல் வகுக்கும், நம் எண் அதைவிட இரண்டு கூட, அதனால்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தாள்.

"லெக்கா முகீத்தா?" என்று டிரைவர் அண்ணா தினமும் கன்னடத்தில் கேட்பார். கணக்கு இன்னும் முடியவில்லை என்று தலையாட்டுவோம்.

ஒரு மாதத்தில் 97-உம் முடிந்தது. நூறு வரைக்கும் பார்த்தாச்சு, ஜன்னல் எனக்குத்தான் என்றேன். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால்தான் பத்து லட்சம்; நியாயமாக ஆயிரம் வரை பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியும்... சொல்லவில்லை.

"நூத்தி ஒண்ணையும் ஒருவாட்டி பாத்துரலாம்டி" என்றாள்.

ஓசூர் ரோடு டிராஃபிக்கில் பஸ் நின்றிருந்தது. கடைசி வரியில் சைபர். அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். 101 × 9901.

"லெக்கா முகீத்து அண்ணா" என்று அவள் முன்னால் பார்த்துச் சொன்னதும் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பஸ்ஸே சிரித்தது.

தோற்ற எரிச்சலில், அப்போ 9901 உடையுமா பார் என்றேன்.

"நூறுக்குள்ள எதுவும் பெருசையே உடைக்கல. இதை மட்டும் எது உடைக்கும்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பத்தாயிரத்துக்குக் குறைந்த எண் உடைவதென்றால், நூறுக்குள் ஒன்றால் உடைந்தாக வேண்டும். அவற்றைத்தான் ஒரு மாதமாகப் பார்த்து முடித்திருக்கிறோமே! ஃபெயிலானவள் நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். ஜன்னலை விட்டுக்கொடுத்தேன். ஆயிரம் வரை பார்க்க வேண்டும் என்பதை மறைத்ததையும் ஒப்புக்கொண்டேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

இப்போது மெட்ரோவில் போகிறேன். இதே கேள்வியைப் போனில் போட்டால் விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. பக்கத்து சீட்டில் மல்லிகாதான் இல்லை. கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்: "பத்து கோடியே ஒண்ணு. உடையுமா?"

காலையிலிருந்து பதிமூன்று வரை வந்திருக்கிறேன். எதிலும் உடையவில்லை.

நாளைக்குப் பதினேழு.