மோட்டார் ரூம் கதையை எழுதியது யார்?

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோபிசெட்டிபாளையத்தில் நடந்தது இது.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். விடுமுறை நாட்களில், கோவைப் பெண்கள் சிலர் இணையத்தில் நடத்தும் பெண்கள் பத்திரிகைக்கு உதவி செய்வேன். அதன் பத்தாம் ஆண்டுக்காக, பத்திரிகை வளர்ந்த கதையை ஒரு பக்கமாகத் தயாரித்தோம். ஆரம்பத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் பயந்து புனைபெயரில் எழுதியவர்கள். இப்போதாவது சொந்தப் பெயரைப் போடலாமா என்று அவர்களைக் கேட்பது என் வேலை.

மற்றவர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள். கோபிசெட்டிபாளையத்து அக்கா ஒருவர் மட்டும், "நேர்ல வாங்க தம்பி, போன்ல சொல்ல முடியலீங்க" என்றார். பக்கமோ அன்று மாலையே வெளியாக வேண்டும்.

அவர் தயங்கிய காரணம் எனக்குத் தெரியும். விருந்தாளி வந்தாலே தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் தன் கணவரைக் கிண்டலடித்து அவர் எழுதியதுதான், எங்கள் பத்திரிகையில் அதிகம் பேர் பகிர்ந்தது.

போனால், வாசலில் வரவேற்றதே அந்தக் கணவர்தான். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

"அட, அந்தப் பத்திரிகைங்களா! மோட்டார் ரூம் கதை போட்டீங்களே, எங்க சொந்தக்காரங்க குரூப்புல அனுப்பினதே நாந்தானுங்க. எங்க பங்காளி ஒருத்தன அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. எழுதுன அம்மணி யாருங்க?"

காபியோடு வந்த அக்கா என்னிடம்தான் பேசினார். பார்வை மட்டும் கணவர் மேல் இருந்தது.

"என் பேரையே போட்டுருங்க தம்பி. நான் எழுதுனதுதானே."

கணவர் மனைவியைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

"நீங்க போட்டுருங்க" என்றார் அக்கா மறுபடியும். தம்ளர் பிடித்திருந்த கை நடுங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கம் தயார், ஒரு தட்டு தட்டினால் போதும். விரல் போகவில்லை. இதனால் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனால்? அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. பத்திரிகையிலிருந்து "என்னாச்சு?" என்று செய்தி மேல் செய்தி. அன்னூர் தாண்டும்போது அக்கா எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது அவர் இல்லை, கணவர்.

"தம்பி, பேரப் போடுங்க. ஆனா ஒண்ணுங்க. அந்தாளு தூங்கலீங்க, கண்ண மூடி யோசிச்சுட்டு இருந்தான்னு கீழ ஒரு வரி சேத்துப்போடுங்க."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. அந்த வரியையும் சேர்த்தே வெளியிட்டோம்.

என் அம்மாவின் பெயரை ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் நான் அச்சில் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு பெண்ணின் பெயரைத் தட்டும்போதெல்லாம் நடுங்கிய அந்தத் தம்ளர் கண்முன் வந்து, என் விரல் ஒரு நொடி நின்றுதான் நகர்கிறது.